ஒன்றரை லட்ச ரூபாய் ஆக்ஸில் நமக்கு எதுக்கு?

டீம் வாட்ஸ்அப் குரூப்ல இல்லாதவங்களுக்கு முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். அடுத்த பாஹா வண்டிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு டிரைவ்ஷாஃப்ட் செட் வரவழைக்கலாம்னு பேச்சு ஓடிட்டிருக்கு. கஸ்டம்ஸ், கூரியர் எல்லாம் சேர்த்தா ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். அதுக்காக மெம்பர் கலெக்ஷனை 8,000 ரூபாயிலிருந்து 15,000 ஆக்கணுமாம். நான் இந்த வருஷத்தோட வெளிய போறவன். என் பாக்கெட்லயிருந்து ஒரு ரூபாய் போகப்போறதில்ல. ஆனாலும் இந்த முடிவு தப்புன்னு எழுதி வெச்சுட்டுப் போகணும்னு தோணுது.

பாஹான்னா என்னன்னு கேக்குற ஐடி, சிஎஸ்இ நண்பர்களுக்காக ஒரு பத்தி. 1976ல் அமெரிக்காவின் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆரம்பிச்ச மாணவர் போட்டி இது. ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டுற, கரடுமுரடான பாதையில் போகிற வண்டியை மாணவர்களே டிசைன் பண்ணி, வெல்டு பண்ணி, ஓட்டிக் காட்டணும். இந்தியாவில் எஸ்ஏஇ இந்தியா இதை 2007லிருந்து இந்தூர் பக்கத்தில் உள்ள பீதாம்பூரில் நடத்துது. எஞ்சின் எல்லா டீமுக்கும் ஒண்ணுதான், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 10 குதிரைத்திறன். ஜெனரேட்டர்லயும் புல்வெட்டி மெஷின்லயும் இருக்கிற வகை. அதைத் தொடக்கூடாது. கடைசியில் 4 மணி நேர எண்டுரன்ஸ் ரேஸ். பள்ளம், மேடு, பாறை, சேறு, குதிச்சு விழுற இடம் எல்லாம் அதில் உண்டு. அந்த 4 மணி நேரத்தில் பல வண்டிகள் ஓரம் கட்டி நிற்கும். நிற்கிற வண்டிக்குக் கீழே குனிஞ்சு பார்த்தா, பல நேரம் பின்சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கிற அந்தக் கம்பிதான் பிரச்சனை. அதாவது டிரைவ்ஷாஃப்ட், இல்லேன்னா அதோட ரெண்டு முனையில் இருக்கிற ஜாயின்ட்.

அதனால "ஷாஃப்ட் உடையுது, பெரிய ஷாஃப்ட் வாங்கு" என்கிற முடிவுக்கு எல்லாரும் சீக்கிரம் வந்துடறாங்க. எது உடையுது, ஏன் உடையுது, எந்த நேரத்தில் உடையுதுன்னு யாரும் நின்னு கேக்கறதில்ல.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பயப்படாதீங்க, ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவங்களுக்கும் புரியும்.

எஞ்சின் கொடுக்கிற அதிகபட்ச டார்க் சுமார் 19 நியூட்டன் மீட்டர். நம்ம ஊர் டீம்கள் நிறைய பேர் எடுக்கிற மஹிந்திரா ஆல்பா லோடு ஆட்டோ கியர்பாக்ஸில் முதல் கியர் இதை சுமார் 31 மடங்கு ஆக்கும். அப்போ கிட்டத்தட்ட 590 நியூட்டன் மீட்டர். இந்த எண்ணைப் பார்த்துத்தான் எல்லாரும் மிரளறாங்க. ஆனா இந்த 590 முழுசா ஷாஃப்டுக்கு வருமா? வராது. டயர் விடாது.

வண்டியும் டிரைவரும் சேர்ந்து 250 கிலோன்னு வைங்க. அதில் பின்சக்கரங்கள் மேல 160 கிலோ. மண்ணுல டயருக்குக் கிடைக்கிற பிடி 0.8னு தாராளமாவே வைப்போம். டயர் ஆரம் 0.28 மீட்டர். பெருக்கினா சுமார் 350 நியூட்டன் மீட்டர் வரும். இதைத் தாண்டினா டயர் வழுக்கிச் சுத்தும், அவ்வளவுதான். எஞ்சின் 590 கொடுத்தாலும் 350க்கு மேல தரை வாங்காது. டிஃபரன்ஷியல் ஒழுங்கா வேலை செய்யும்போது ரெண்டு ஷாஃப்டுக்கும் ஆளுக்குப் பாதி, 175. ஆனா நம்ம ஆட்கள் டிஃபரன்ஷியலை வெல்டு பண்ணி லாக் பண்ணிடுவாங்க. ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேல தொங்கும்போது முழு 350ம் மத்த ஷாஃப்ட் தலையில். மோசமான நிலைமை இதுதான்.

இப்போ 20 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு 350 கொடுத்தா, மேற்பரப்பில் ஷியர் ஸ்ட்ரெஸ் சுமார் 223 மெகாபாஸ்கல். குதிச்சு விழும்போது வர்ற அடிக்காக இதை இரண்டால் பெருக்கினா 446. பதப்படுத்தின இஎன் 24 ஸ்டீல், 'டி' கண்டிஷன்ல, ஷியரில் தாங்குறது தோராயமா 390. அப்போ 20 மில்லிமீட்டர் போதாது, சரிதான். ஆனா 22 மில்லிமீட்டர் ஆக்கினா அதே அடிக்கு 335. போதும்! வெறும் 2 மில்லிமீட்டர்தான் கூட்டினோம், முறுக்கைத் தாங்குற சக்தி 33 சதவீதம் ஏறிடுச்சு. ஏன்னா அது விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். இரண்டு மடங்குங்கிறது என் அனுமானம். நீங்க இரண்டரை வைக்கணும்னா வைங்க, அப்போ 23, 24 மில்லிமீட்டர் வரும். எப்படிப் பார்த்தாலும் பதில் ஒரு நல்ல ஸ்டீல் கம்பிதான். ஒன்றரை லட்சம் இந்தக் கணக்கில் எங்கேயும் வரல.

சாதாரண இஎன் 8 போட்டா என்ன? நார்மலைஸ் பண்ணின நிலையில் ஷியரில் சுமார் 160தான் தாங்கும். அது வேண்டாம். ஸ்டீல் கடையில் ரெண்டு கம்பியும் பக்கத்துல பக்கத்துலதான் அடுக்கியிருக்கும், கண்ணால பார்த்து வித்தியாசம் தெரியாது. டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்க.

"அப்போ 25 போட்டுடலாமே, கவலையே இல்லையே" என்று ஒரு குரல் கண்டிப்பா வரும். ஒவ்வொரு வருஷமும் வருது. அங்கேதான் விஷயம் இருக்கு. ஜாயின்ட்டுக்குள்ள போற ஸ்ப்லைன் இருக்கே (இதுக்கு நல்ல தமிழ்ச் சொல் எனக்குத் தெரியல, லேத் அண்ணன் "பல்லு"ன்னுதான் சொல்வார்), அதோட அளவை ஜாயின்ட்தான் முடிவு பண்ணுது. நடுக் கம்பியை மட்டும் 25 ஆக்கினா, ஷாஃப்ட் முறுக்கு வாங்கும்போது தடியான நடுப்பகுதி அசையாது. முறுக்கு முழுக்க அந்தப் பல்லோட அடியில் போய்க் குவியும். அங்கே ஏற்கெனவே கூர்மையான மூலைகள். விரிசல் அங்கேதான் பிறக்கும். ஆனா நடுப்பகுதியைப் பல்லோட அடி விட்டத்தைவிடக் கொஞ்சம் ஒல்லியா, நிதானமான வளைவோட இறக்கி விட்டா, முறுக்கு அந்த முழு நீளத்துக்கும் பரவும். ஒல்லியாக்கினா நீண்ட நாள் உழைக்கும்னு சொன்னா யாரும் நம்பறதில்ல. ஆனா அதிக பவர் வண்டிகளுக்கு ஆக்ஸில் செய்றவங்க வருஷக்கணக்கா இதைத்தான் செய்றாங்க. நமக்கு இதனால வர்ற வேலை ஒண்ணுதான்: பல்லோட அடி விட்டம் 22க்கு மேல இருக்கிற ஜாயின்ட்டா பார்த்து எடுக்கணும்.

'வலியறிதல்' அதிகாரத்து மயிலிறகு வண்டிக் குறளை இந்நேரம் யாராவது நினைச்சிருப்பீங்க. அளவுக்கு மேல ஏத்தினா இறகு கூட அச்சை முறிக்கும்னு வள்ளுவர் சொல்றது பாரம். நம்ம வண்டியில் பாரம் பிரச்சனையே இல்ல. நம்ம பிரச்சனை கோணம்.

கோணம்னா என்ன? ஷாஃப்டோட வெளி முனையில், சக்கரத்துக்குள்ள இருக்கிறது ஆறு குண்டு வெச்ச ர்ஸெப்பா ஜாயின்ட். 1920களில் ஆல்ஃபிரட் ர்ஸெப்பா என்ற எஞ்சினியர் கண்டுபிடிச்சது. 45 டிகிரி வரைக்கும் மடங்கும், நீளவாட்டில் நகராது. உள் முனையில், கியர்பாக்ஸ் பக்கம், மூணு உருளை வெச்ச டிரைபாட் ஜாயின்ட். அது உள்ளேயும் வெளியேயும் சில சென்டிமீட்டர் சறுக்கும், ஆனா 20 டிகிரி சொச்சத்துக்கு மேல மடங்கினா திணறும். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது நீள வித்தியாசத்தை ஈடு கட்டறது இந்த உள் ஜாயின்ட்தான்.

இப்போ பாருங்க. ரெண்டு ஜாயின்ட்டுக்கும் நடுவில் 450 மில்லிமீட்டர் நீளம். ஷாஃப்ட் மட்டமா இருக்கிற நிலையிலிருந்து சக்கரம் 150 மில்லிமீட்டர் கீழே தொங்கினா கோணம் 19.5 டிகிரி. சமாளிக்கலாம். சஸ்பென்ஷன் டீம் "டிராவல் அதிகமா இருந்தாத்தான் ஜட்ஜுக்குப் பிடிக்கும்"னு 200 தொங்க விட்டா 26 டிகிரி. டிரைபாட் உருளை அதோட கிண்ணத்தின் வாயில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதிச்சா உருளை வெளிய எகிறும், இல்லேன்னா கிண்ணத்தின் உதட்டை உடைச்சிட்டுப் போகும். பிட்ல எல்லாரும் "ஷாஃப்ட் போயிடுச்சு"ன்னு சொல்வாங்க. ஷாஃப்ட் ஒண்ணும் ஆகியிருக்காது.

இதே 26 டிகிரியில் ஒன்றரை லட்ச ரூபாய் செட்டைப் போட்டாலும், உள் ஜாயின்ட் அந்தக் கோணத்துக்குச் செஞ்சதா இல்லேன்னா அதுவும் இதே மாதிரிதான் வெளிய வரும். என்ன, வெளிய வரும்போது வலி கொஞ்சம் அதிகம்.

கோணத்தைக் குறைக்கிற வழிகள் எல்லாமே மலிவானவை. கியர்பாக்ஸைச் சேசிஸில் சில சென்டிமீட்டர் உயர்த்தியோ இறக்கியோ வெச்சா, சக்கரம் தொங்கும்போது வர்ற கோணமும் அமுங்கும்போது வர்ற கோணமும் பங்கு பிரியும். சக்கரங்களுக்கு இடையில அகலம் கூட்ட விதி இடம் கொடுத்தா ஷாஃப்ட் நீளமாகும். 450க்குப் பதிலா 550 கிடைச்சா அதே 200 தொங்கலுக்கு 21 டிகிரிதான். இது எதுவும் முடியலேன்னா லிமிட் ஸ்ட்ராப். சேசிஸுக்கும் சஸ்பென்ஷன் கைக்கும் நடுவில் ஒரு கெட்டியான நைலான் பட்டை. சக்கரம் இவ்வளவுக்கு மேல தொங்காதேன்னு பிடிச்சு நிறுத்தும். சரக்கு கட்டுற பட்டை விற்கிற கடையில் துணியை வாங்கி, தைக்கத் தெரிஞ்ச ஆளிடம் கொடுத்து நல்லா தைச்சு எடுத்தாப் போதும். நம்ம மண்ணூரைச் சுத்திக் குடோன்களுக்கா பஞ்சம், அந்தப் பட்டை எங்கே கிடைக்கும்னு லாரி டிரைவர் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

சஸ்பென்ஷன் டீம் இதைப் படிச்சிட்டு என்னைத் திட்டும். திட்டட்டும். டிராவல் எண்ணை ரிப்போர்ட்டில் போட்டுப் பெருமைப்படறதைவிட 4 மணி நேரம் வண்டி ஓடறது மேல்.

ஜாயின்ட்டுக்கு எங்கே போறது? புதுப்பேட்டை. பூந்தமல்லி மாறிப் போனா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆனா போய்ப் பாருங்க, மெக்கானிக்கல் படிக்கிறவன் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய தெரு. மாருதி 800, ஆல்டோ டிரைவ்ஷாஃப்டுகள் குவியலா கிடக்கும். மாருதி 800 உற்பத்தி 2014லேயே நின்னாலும் முப்பது வருஷம் ஓடின வண்டி, உதிரிபாகம் தீராது. அந்த ஷாஃப்டும் ஜாயின்ட்டும் எதுக்குச் செஞ்சது? சுமார் 650 கிலோ எடையுள்ள காருக்கு, உள்ள நாலஞ்சு பேரோட. அதை 250 கிலோ வண்டியில் போடப்போறோம். பலம் போதுமான்னு சந்தேகப்படவே வேண்டாம். பழையது பிடிக்கலேன்னா புதுசாவே கடையில் வாங்கலாம், அப்பவும் இம்போர்ட் விலையின் பக்கத்துல கூட வராது.

பழசை வாங்கும்போது கையில் எடுத்து மடக்கிச் சுத்திப் பாருங்க. கடகடன்னா, கட்டித் தட்டினா வைங்க கீழே. ரப்பர் பூட் கிழிஞ்சு ரொம்ப நாள் ஆனதுன்னா உள்ள மண் போயிருக்கும், குண்டு ஓடுற பாதையில் குழி விழுந்திருக்கும். பல்லு நேரா இருக்கான்னு ஒரு கண்ணை மூடிட்டு நீளவாட்டில் பாருங்க. லேசா திருகியிருந்தா அது ஏற்கெனவே ஒரு தடவை செத்துப் பிழைச்சது. காலேஜுக்குக் கொண்டு வந்ததும் பிரிச்சுக் கழுவி டை பெனட்ரன்ட் அடிச்சுப் பாருங்க. கிளீனர், சிவப்பு, வெள்ளைன்னு மூணு ஸ்பிரே டப்பா. மயிரிழை விரிசல் இருந்தாலும் வெள்ளை மேல சிவப்புக் கோடா வந்து நிற்கும். புதுப்பேட்டையில வாங்கின பொருளை நம்பலாமான்னு கேக்கறவங்களுக்கு என் பதில் இதுதான்: எங்கே வாங்கினாலும் நம்பாதீங்க, டெஸ்ட் பண்ணுங்க.

சரி, நீளம்? கார் ஷாஃப்ட் நம்ம வண்டிக்குப் பொருந்தாது. இந்த இடத்துல நிறைய டீம்கள் செய்ற காரியம் ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி எனக்குக் கோபமே உண்டு. ஷாஃப்டை நடுவில் அறுத்து, மேல ஒரு குழாயை மாட்டி, சுத்தி வெல்டு அடிச்சிடறாங்க. பாக்க அழகா இருக்கும். ஆனா அந்தக் கம்பி நடுத்தர கார்பன் ஸ்டீல், மேல்தோலை இண்டக்ஷன் ஹார்டனிங் பண்ணினது. வெல்டு சூடு பட்ட இடத்தில் பக்கத்துப் பக்கத்துல ஒரு பட்டை மெதுவாகும், ஒரு பட்டை கண்ணாடி மாதிரி உடையுற பதத்துக்கு வரும். முன்சூடு கொடுத்து, மெதுவா ஆறவிட்டு, சரியான ராடு வெச்சுப் பண்ணினா ஓரளவு தாங்கும்னு சொல்வாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு, மறுநாள் டெக்னிக்கல் இன்ஸ்பெக்ஷன்னு இருக்கும்போது யார் முன்சூடு கொடுக்கப் போறாங்க?

சரியான வழி: ரெண்டு முனை ஜாயின்ட்டுகளை மட்டும் காரிலிருந்து எடுங்க. நடுக் கம்பியை இஎன் 24ல் புதுசா செய்யுங்க. லேத்தில் கடைஞ்சு, ரெண்டு முனையிலும் பழைய ஷாஃப்டைச் சாம்பிளா கொடுத்துப் பல்லு வெட்டணும். இந்த வேலைக்கு நாம உட்கார்ந்திருக்கிற இடத்தைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கு? ஸ்ரீபெரும்புதூரில் ஆக்ஸில்ஸ் இந்தியா கம்பெனி லாரி ஆக்ஸிலோட கூடுகளைச் செய்யுது. ஒரகடத்தில் வண்டிகளைச் சோதிக்கிற அரசு மையமே இருக்கு. பெரிய கம்பெனிகள் நம்ம ரெண்டு ஷாஃப்டுக்காகக் கதவைத் திறக்கப் போறதில்ல, அது வேற விஷயம். ஆனா அவங்களுக்கு வேலை செய்து கொடுக்கிற சின்னப் பட்டறைகள் திருமுடிவாக்கத்திலும் அம்பத்தூரிலும் இருக்கு. ஸ்ப்லைன் வெட்டுறவங்க, ஹீட் ட்ரீட்மென்ட் மட்டுமே பண்றவங்கன்னு தனித்தனியா. முன்பதப்படுத்தின கம்பியா வாங்கினா ஹீட் ட்ரீட்மென்ட் செலவும் மிச்சம், கம்பி கோணறதும் இல்ல. மாணவர்கள்னு சொல்லி டிராயிங்கைச் சுத்தமா கொண்டு போனா, டீ வாங்கிக் கொடுத்து வேலையும் செஞ்சு கொடுக்கிற ஆட்கள் இருக்காங்க. டிராயிங் கோணலா இருந்தா டீ மட்டும்தான் கிடைக்கும்.

பட்டறைக்குப் போறதில் இன்னொரு லாபம், அங்கே நிக்கும்போது கத்துக்கிறது. ஸ்ப்லைன் ஏன் அந்த மூலையில் உருண்டையா முடியணும்னு புக்கில் படிச்சது எனக்கு ஞாபகமில்ல. கட்டர் வெளிய ஓடுறதைப் பார்த்தது ஞாபகம் இருக்கு. டப்பாவில் வந்து இறங்குற செட்டில் இது கிடைக்காது. டிசைன் ஜட்ஜ் "இந்த விட்டம் ஏன்?"னு கேக்கும்போது "கேட்லாக்ல இருந்துச்சு சார்"னு சொல்றதுக்கும் மேல இருக்கிற கணக்கைச் சொல்றதுக்கும் மார்க் வித்தியாசம் எவ்வளவு வரும்னு நீங்களே யோசிங்க.

அடுத்து, எது உடையணும்னு நாமே முடிவு பண்றது. உடையவே கூடாதுன்னு எல்லாரும் ஆசைப்படறோம். ஆனா 4 மணி நேரத்தில் ஏதோ ஒண்ணு உடையும்னா அது கியர்பாக்ஸ் பல்லா இருக்கக் கூடாது. கியர்பாக்ஸைப் பிட்ல பிரிச்சு மாட்டவே முடியாது, ரேஸ் அதோட முடிஞ்சது. ஷாஃப்ட் உடைஞ்சா, பழகின கைகள் இருந்தா அரை மணிக்குள்ள மாத்தி வண்டியை வெளிய விடலாம். வீட்டு மெயின் போர்டில் ஃப்யூஸ் எதுக்கு இருக்கோ அதே வேலை. ஷாஃப்டை எல்லாத்தையும்விடப் பலமா ஆக்கிட்டா அடி எங்கே போகும்? கியர்பாக்ஸுக்குத்தான். மெல்லிய, கொஞ்சம் முறுகிக் கொடுக்கிற ஷாஃப்ட் அந்த அடியைத் தானே கொஞ்சம் வாங்கிக்கும். 20 மில்லிமீட்டரை 25 ஆக்கினா ஷாஃப்டோட விறைப்பு கிட்டத்தட்ட 2.4 மடங்கு ஏறும்னு மட்டும் நினைவில் வைங்க.

இதோட சேர்ந்தது ஸ்பேர். கியர்பாக்ஸை எப்படியாவது நகர்த்தி இடது, வலது ஷாஃப்ட் நீளம் ஒரே அளவாக்குங்க. அப்போ ஒரே ஒரு ஸ்பேர் ரெண்டு பக்கத்துக்கும் ஆகும். இம்போர்ட்டட் செட்டுக்கு ஸ்பேர் வாங்கப் போறோமா? காசு இருக்கா? இல்லாதப்போ முதல் மணி நேரத்தில் ஒரு பூட் கிழிஞ்சு மண் போனாலே கதை முடிஞ்சது.

ஷாஃப்ட் மாட்டினதும் முனையிலிருந்து முனைவரை வெள்ளை பெயிண்டில் நேரா ஒரு கோடு போடுங்க. ஒவ்வொரு டெஸ்டிங் முடிஞ்சதும் பாருங்க. கோடு திருகாணி மாதிரி சாய ஆரம்பிச்சா ஷாஃப்ட் நிரந்தரமா முறுகிடுச்சு, அடுத்த ஓட்டத்துக்கு முன்னாடி கழட்டிடுங்க. இதைவிட மலிவான சென்சார் உலகத்தில் இல்ல. கிரீஸ் மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கறுப்பு கிரீஸா இருக்கட்டும். பூட் கிளாம்புக்குப் பதிலா கேபிள் டை போடறதை நிறுத்துங்க. அப்புறம் டிரைவர். வண்டி காத்துல இருக்கும்போது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்கணும். அந்தரத்தில் வேகமா சுத்துற சக்கரம் தரையைத் தொட்டதும் ஒரே நொடியில் நிற்கப் பார்க்கும், நான் மேலே இரண்டால் பெருக்கினேனே, அந்த அடி இங்கேதான் வருது. இந்த அப்கிரேடுக்கு விலை பூஜ்யம்.

எதிர்த்தரப்பு சொல்றதில் நியாயமே இல்லேன்னு சொல்லமாட்டேன். முதல் பத்து இடத்துக்குள்ள வர்ற டீம்கள் எடைக்காக நிறைய செலவு பண்றாங்க, அது அவங்களுக்குப் பலன் கொடுக்குது. அமெரிக்கப் போட்டியில் 2023 சீசனிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் பவர் கட்டாயம். அங்கே ஜாயின்ட் எண்ணிக்கை இரட்டிப்பாகும், ஒவ்வொரு கிராமும் கணக்கு. வண்டி வருஷா வருஷம் எண்டுரன்ஸை முடிக்குது, இனி லேப் டைம்தான் குறைக்கணும்கிற நிலைக்கு நாம வந்தா நானே இம்போர்ட்டட் செட்டுக்கு ஓட்டுப் போடுவேன். முடிக்கவே திண்டாடுற டீம் முதல்ல முடிக்கட்டும்.

வீட்டில் தார், ஜிம்னி, பழைய மேஜர் ஜீப் வெச்சிருக்கிற சில பேர் என்கிட்ட இதே கேள்வியைக் கேட்டிருக்காங்க: "ஆக்ஸில் மாத்தணுமா ப்ரோ?" அதே கணக்குதான், பெரிய எண்ணில். சில தார் வேரியன்ட்களில் பின்னாடி மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் வருது, கூர்க்காவில் முன்னாடியும் பின்னாடியும் லாக் இருக்கு. லாக் போட்டு ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்னா முழு டார்க்கும் ஒரு ஷாஃப்டில். அதுக்கு மேல பெரிய டயர் மாட்டினா ஆரம் ஏறுது, ஷாஃப்டுக்கு வர்ற முறுக்கும் அதே விகிதத்தில் ஏறுது. பலர் டயரை முதல்ல மாட்டிட்டு அப்புறம் ஆக்ஸிலுக்கு அலையறாங்க. டயரை மாட்டாம இருந்தாலே பாதிப் பேருக்கு ஆக்ஸில் செலவு வராது. ரோட்டில் ஓடுற வண்டின்னா மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 ஞாபகம் இருக்கட்டும், கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுற மஹிந்திரா ஜீப்புகளைப் பார்த்திருக்கீங்களா? விடியக்காலையில், ஆள் ஏத்திக்கிட்டு, அந்தப் பாறைப் பாதையில் தினமும். அந்த டிரைவர் அண்ணன்கள் எப்படி ஓட்டறாங்கன்னு முன் சீட்டில் உட்கார்ந்து பாருங்க. சின்ன கியர், குறைஞ்ச வேகம், சக்கரம் சுத்தவே விடமாட்டாங்க.

இப்போ 15,000 ரூபாய்க்கு வர்றேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு கணக்கும்.

போன வருஷம் கலெக்ஷன் 8,000னு அறிவிச்ச அன்னைக்கே குரூப்பிலிருந்து மூணு பேர் லெஃப்ட் ஆனாங்க. யாரும் காரணம் கேக்கல. மூணு பேரும் டிப்ளமோ முடிச்சு லேட்டரல் என்ட்ரியில் செகண்ட் இயர் வந்தவங்க. ஒருத்தன் இங்கே ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் ஒரு வருஷம் வேலை பார்த்துட்டு, அந்தக் காசில் காலேஜ் சேர்ந்தவன். மிக் வெல்டிங்கை டீமில் அவனைவிட நல்லா பண்றவங்க யாரும் இல்ல. நான் ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம், சாலிட்வொர்க்ஸில் ஷாஃப்ட் வரைவேன், சிமுலேஷன் கலர் கலரா காட்டுவேன். வெர்னியரைக் கையில் கொடுத்தா ஃபர்ஸ்ட் இயரில் எனக்கு உதறல். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த மூணு பேர்ல ஒருத்தர்தான். 8,000க்கே அவங்க போயிட்டாங்கன்னா 15,000க்கு யார் மிஞ்சுவாங்க? காசு இருக்கிறவங்க மட்டும். செய்யத் தெரிஞ்சவங்க வெளிய, வாங்கத் தெரிஞ்சவங்க உள்ள. அப்படி ஒரு டீமுக்கு இம்போர்ட்டட் ஷாஃப்ட் தேவைதான், ஏன்னா செய்ய ஆள் இருக்காது.

ஃபேகல்டி அட்வைசர் சாருக்கும் புது கேப்டனுக்கும் நான் கொடுத்திருக்கிற தாள் இதுதான்: ரெண்டு செட் கார் ஜாயின்ட், இஎன் 24ல் ஒரே நீளத்தில் மூணு ஷாஃப்ட், நாலு லிமிட் ஸ்ட்ராப், டை பெனட்ரன்ட் டப்பா, ஒரு டின் கிரீஸ், ஆறு பூட், கிளாம்புகள். விலையை ரெண்டு பட்டறையிலும் மூணு கடையிலும் கேட்டு எழுதியிருக்கேன். இம்போர்ட்டட் செட்டின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குள்ள முடியுது, ஸ்பேரும் சேர்த்து. கலெக்ஷனை ஏத்த வேண்டாம், 5,000க்கு இறக்கலாம். முடியாதவங்களுக்கு ஒர்க்ஷாப் நேரத்தையே கலெக்ஷனா எடுத்துக்கலாம். குரூப்ல இருந்து லெஃப்ட் ஆன மூணு பேரையும் கேப்டன் நேர்ல போய்க் கூப்பிடணும், மெசேஜ் அனுப்பிட்டு விட்டுடக் கூடாது. மீட்டிங் புதன்கிழமை சாயங்காலம் நாலரைக்கு, மெக்கானிக்கல் செமினார் ஹாலில். இந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்கிறவங்க பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு வாங்க.